சண்டை வந்தால் நம் தாமானில் (குடியிருப்பில்) இருந்தபடி என்ன செய்யலாம்

1941 டிசம்பர் 11-ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் பினாங்கின் ஜோர்ஜ் டவுன் மேல் வந்தபோது ஏகப்பட்ட பேர் ரோட்டில் நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள். குண்டு விழுந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. இன்றைக்கு அதே வேலையை நாம் கைப்பேசியோடு செய்வோம். செய்யாதீர்கள். கண்ணாடி ஜன்னலை விட்டு உள்ளே போங்கள், லிப்டில் ஏறாதீர்கள். குண்டு எங்கே விழுந்தது, லாரியில் ராணுவம் எந்தப் பக்கம் போனது என்று வீடியோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டால், அடுத்த குண்டுக்குக் குறி சொல்லிக் கொடுப்பது நீங்கள்தான்.

ரத்தம் கொடுக்கப் போகிறீர்களா, நல்லது, ஆனால் முதல் நாளே தாமானே கிளம்பிப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் வரிசை கட்டாதீர்கள். சிவப்பணுக்களை ஐந்தாறு வாரம்தான் வைத்திருக்க முடியும், தட்டணுக்கள் ஐந்து நாள் தாங்கினாலே பெரிய விஷயம். ஒருமுறை கொடுத்தவர் மறுபடி கொடுக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். எல்லாரும் ஒரே நாளில் கொடுத்துவிட்டால் அடுத்த மாதம் யார் கொடுப்பது? தாமானில் பத்துப் பத்துப் பேராகப் பிரித்துக்கொண்டு, ரத்த வங்கி கேட்கும்போது போங்கள். உங்கள் ரத்த வகை என்னவென்று இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அரிசி, எண்ணெய் எல்லாம் ஒரு வாரத்துக்கு இருந்தால் சரி. பத்து மூட்டை வாங்கி அடுக்கினால் பக்கத்து வீட்டுக்காரர் பட்டினி கிடப்பார், உங்கள் அரிசியில் வண்டு விழும்.

ரேலா தொண்டர் படையிலோ பொதுத் தற்காப்புப் படையிலோ சேர நினைத்தால் அமைதியாக இருக்கும்போதே சேருங்கள். சைரன் ஊதிய பிறகு முதலுதவி கற்றுக்கொடுக்க யாருக்கும் நேரம் இருக்காது.

அந்த 1941 டிசம்பரில் வெள்ளைக்காரர்கள் தங்கள் ஆட்களைக் கப்பலேற்றிக்கொண்டு பினாங்கை விட்டுப் போய்விட்டார்கள். ஊரை நடத்த உள்ளூர்க்காரர்களே கமிட்டி போட்டார்கள், அதற்குத் தலைமை தாங்கியவர் பத்திரிகை ஆசிரியர் சரவணமுத்து, நம் ஆள். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவரும் அவர்தான், காவல் இல்லாத ஊர் மேல் இன்னும் குண்டு விழ வேண்டாமே என்று. எனக்கென்னவோ, கொடியைத் தூக்கிப் பிடிப்பதைவிட அதற்குத்தான் அதிக தைரியம் வேண்டும்.

அந்த மாதிரி ஒரு கமிட்டி உங்கள் ஃபிளாட்டுக்கும் வேண்டும், ஐந்து பேர் போதும். முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு மாடி மாடியாக ஏறுங்கள். யார் வீட்டில் படுத்த படுக்கையாக ஆள் இருக்கிறது, யார் இன்சுலின் போடுகிறார், யார் வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் போகிறார் என்று எழுதுங்கள். சண்டை நேரத்தில் பெட்ரோல் கிடைக்காது, கிராப் டாக்சி வராது. ஆகவே டயாலிசிஸ் ஆட்களின் பெயருக்கு நேரே எந்த நாளில் யார் காரில் போவார் என்றும் எழுதுங்கள். அதைப் பேனாவால் எழுதுங்கள், கரண்ட் போனால் கைப்பேசியில் இருக்கும் பட்டியலும் சேர்ந்தே போய்விடும்.