‘டா வின்சி கோட்’ பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டான் பிரவுன் எழுதிய ‘டா வின்சி கோட்’ நாவல் 2003 மார்ச்சில் வெளிவந்தது. இயேசு தம் சீடரான மகதலா மரியாவை மணந்தார், அவர்களுக்கு ஒரு வம்சம் உண்டு என்ற இரகசியத்தைச் சுற்றியே அதன் கதை நகர்கிறது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அதைப் படித்தவர்கள் ஒத்த கருத்துக்கு வரவில்லை. ஒருவர் இரவு முழுக்கக் கண்விழித்து முடித்ததாகச் சொல்கிறார். இன்னொருவர் ஐம்பதாம் பக்கத்தில் மூடி வைத்துவிட்டதாகச் சொல்கிறார். கிறிஸ்தவத்தின் வரலாறே புரட்டு என்று அதைப் படித்துவிட்டு முடிவு கட்டியவர்கள் உண்டு; அட்டையைக்கூடத் திருப்பாமல் அது தெய்வநிந்தனை என்று தீர்ப்பளித்தவர்களும் உண்டு. கருத்து வேறுபாட்டில் குற்றமில்லை. கதை நன்றாக இருக்கிறதா, கதையில் வரும் செய்தி உண்மையா என்ற இரண்டு தனித்தனிக் கேள்விகளுக்கு ஒரே விடையைக் கொடுத்துவிடுவதில்தான் கோளாறு தொடங்குகிறது. விறுவிறுப்பாக இருந்ததால் உண்மையாகத்தான் இருக்கும் என்று ஒரு சாராரும், வரலாறு பிழையானதால் நாவலும் குப்பை என்று மறு சாராரும் வாதிடுகிறார்கள்.

இந்தக் குழப்பத்துக்கு வாசகரை மட்டும் குறை சொல்ல முடியாது. கதை தொடங்குவதற்கு முன்பே ‘உண்மை’ என்று தலைப்பிட்ட ஒரு பக்கம் வருகிறது. ‘சீயோன் மடம்’ என்ற இரகசியச் சங்கம் 1099இல் நிறுவப்பட்ட உண்மையான அமைப்பு என்றும், 1975இல் பாரிஸ் தேசிய நூலகத்தில் கிடைத்த ஆவணங்கள் நியூட்டன், லியோனார்டோ டா வின்சி உள்ளிட்டோர் அதன் உறுப்பினர்கள் என்று காட்டுவதாகவும், நாவலில் வரும் கலைப்படைப்புகள், கட்டடங்கள், ஆவணங்கள், இரகசியச் சடங்குகள் ஆகியவற்றின் விவரிப்புகள் துல்லியமானவை என்றும் அந்தப் பக்கம் சொல்கிறது. பலர் இதை ஓட்டமாகப் படித்துவிட்டு, இயேசு மகதலா மரியாவை மணந்தார் என்பதையே ஆசிரியர் உண்மை என்று அறிவித்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பக்கத்தில் திருமணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஓர் ஆவணத்தை விவரிப்பது வேறு, அந்த ஆவணத்துக்குப் பாத்திரங்கள் சொல்லும் பொருள் வேறு. ஆசிரியர் மிகச் சாமர்த்தியமாக முதலாவதற்கு மட்டும் பொறுப்பேற்றிருக்கிறார். என்னைக் கேட்டால், ஒரு வழக்கறிஞர் பத்திரத்தைப் படிக்கிற நிதானத்தோடு இந்த ஒரு பக்கத்தைப் படித்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

ஆனால், பொறுப்பேற்ற பகுதியிலேயே அவர் சறுக்கியிருக்கிறார் என்பதையும் சொல்லியாக வேண்டும். பியர் பிளான்டார் என்ற பிரெஞ்சுக்காரர் 1956இல் பிரான்சின் கிழக்குப் பகுதியில் சட்டப்படி பதிவு செய்த ஒரு சிறு சங்கம்தான் சீயோன் மடம். பெயர் எருசலேமை நினைவுபடுத்தினாலும் அது அருகிலிருந்த ஒரு குன்றின் பெயர். தொடக்கத்தில் அந்தச் சங்கம் கவனித்தது உள்ளூர்க் குடியிருப்பு வாடகை விவகாரங்களை. பிறகுதான் பிளான்டார் தம்மை பிரான்சை முற்காலத்தில் ஆண்ட மெரோவிங்கிய அரச மரபின் வாரிசாகக் காட்டிக்கொள்ளும் காகிதங்களை 1960களில் தேசிய நூலகத்தில் சேர்ப்பித்தார். அவற்றோடு இணைத்துப் பேசப்படும் பழங்காலத் தோலேடுகளைத் தயாரித்தவர் அவருடைய நண்பர் பிலிப் தெ ஷெரிசே. ஒரு நூலகத்தில் இருக்கிறது என்பதாலேயே ஒரு தாள் சான்றாகிவிடாது, அதை அங்கே வைத்தவர் யார் என்பதையும் கேட்க வேண்டும் என்ற எளிய பாடத்தை இங்கே ஆசிரியரும் மறந்தார், அவரை நம்பிய வாசகர்களும் மறந்தார்கள்.

அடுத்த தவறு, பாத்திரம் பேசுவதை ஆசிரியரின் வாக்குமூலமாக எடுத்துக்கொள்வது. (நாவலை இனிமேல்தான் படிக்கப்போகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.) இயேசுவின் தெய்வத்தன்மை, ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்தில் வாக்கெடுப்பால் தீர்மானிக்கப்பட்டது, அதுவும் ஓரளவு நெருக்கமான வாக்கெடுப்பு என்ற பேச்சு லீ டீபிங் என்ற பாத்திரத்தின் வாயிலிருந்து வருகிறது. அந்த டீபிங்தான் பின்னால் கொலைகளுக்குப் பின்னணியில் இருந்த சூத்திரதாரி என்று தெரியவருகிறது. எதையும் தன் வெறிக்கு ஏற்ப வளைக்கக்கூடிய ஒரு மனிதன் சொன்னதை மேற்கோள் காட்டி வரலாறு பேசுகிறோம் என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. அதே சமயம், கதாநாயகனும் ஹார்வர்டு பேராசிரியருமான லாங்டன் பக்கத்திலேயே அமர்ந்து அதை ஆமோதிப்பதால், முழுப் பழியையும் டீபிங்கின் தலையில் கட்டி ஆசிரியரை விடுவிப்பதும் சரியாகாது.

நிசேயாவில் 325இல் நடந்தது என்ன என்பது நன்றாகவே தெரிந்த செய்தி. இயேசுவை வெறும் மனிதராகக் கருதியவர்களுக்கும் கடவுளாகக் கருதியவர்களுக்கும் இடையே அங்கே போட்டி நடக்கவில்லை. பவுலின் கடிதங்கள் எழுதப்பட்ட முதல் நூற்றாண்டிலேயே அவர் வழிபடப்பட்டார். மகன் தந்தையால் படைக்கப்பட்டவரா, தந்தைக்கு இணையானவரா என்பதே, படைக்கப்பட்டவர் என்று போதித்த ஆரியுசு என்ற குருவை முன்னிட்டு எழுந்த வழக்கு. தமிழ்த் திருப்பலியில் இன்றும் சொல்லப்படும் ‘தந்தையோடு ஒரே பொருளானவர்’ என்ற தொடர் அந்த வாதத்தின் எச்சம். கூடியிருந்த ஆயர்களில் கடைசிவரை கையொப்பமிட மறுத்தவர்கள் இருவர் மட்டுமே. எந்தெந்த நற்செய்தி நூல்கள் விவிலியத்தில் இடம்பெற வேண்டும் என்று அங்கே முடிவு செய்ததாகச் சொல்வதும் பிழை. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களை மட்டும் அப்படியே பட்டியலிடும், அலெக்சாந்திரிய ஆயர் அத்தனாசியுவின் கடிதம் 367ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

ஆவணங்களைப் பற்றிய இடத்தில் சற்று நின்று பார்ப்பது பயன் தரும். எகிப்தின் நாக் ஹம்மாதியில் 1945இல் கிடைத்தவற்றை நாவல் சுருள்கள் என்கிறது. அவை தைத்துக் கட்டிய ஏடுகள். சாக்கடல் சுருள்களையும் மறைக்கப்பட்ட கிறிஸ்தவ வரலாற்றின் சான்றாக அது சேர்த்துக்கொள்கிறது. அவற்றில் இயேசுவைப் பற்றி எதுவும் இல்லை, அவை யூத நூல்கள். நாக் ஹம்மாதி ஏடுகளில் ஒன்றான பிலிப்பு நற்செய்தியில் மகதலா மரியா இயேசுவின் ‘துணை’ என்று சொல்லப்படுவதை வைத்து, அராமிய மொழியில் அச்சொல்லுக்கு மனைவி என்றே பொருள் என்று டீபிங் சாதிக்கிறார். நம் கைக்கு வந்திருக்கும் ஏடு எகிப்தின் பழைய மொழியான கொப்டிக்கில் உள்ளது. அந்தச் சொல் கிரேக்கத்திலிருந்து வந்த கடன்சொல். தோழமை, பங்காளி என்ற பொருளும் அதற்கு உண்டு. அடுத்து வரும் வரிதான் இன்னும் சுவையானது. இயேசு அவளை அடிக்கடி முத்தமிட்டார் என்று சொல்லி, எங்கே என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஏடு சிதைந்து ஓட்டையாகிக் கிடக்கிறது. ‘வாயில்’ என்று நாவல் படிப்பது அந்த ஓட்டையை நிரப்பும் ஊகம். அதே நூலின் வேறோரிடத்தில் முத்தம் என்பது ஞானம் பெற்றவர்களிடையே அருளைப் பகிர்வதன் அடையாளமாகவும் பேசப்படுகிறது.

ஓவியத்துக்கும் இதே கதிதான். மிலானில் சாந்தா மரியா தெல்லே கிராத்சியே மடத்தின் உணவுக்கூடச் சுவரில் லியோனார்டோ 1490களின் பிற்பகுதியில் தீட்டிய ‘இறுதி இராவுணவு’ ஓவியத்தில், இயேசுவின் வலப்பக்கம் சாய்ந்திருக்கும் மென்மையான முகம் மகதலா மரியாவுடையது என்கிறது கதை. அப்படியானால் யோவான் எங்கே போனார்? மேசையில் இயேசுவையும் சேர்த்துப் பதின்மூன்று பேர்தான் இருக்கிறார்கள். சீடர்களில் இளையவரான யோவானைத் தாடி இல்லாமல், நீண்ட கூந்தலோடு வரைவது அக்காலத்து இத்தாலிய ஓவியர்களின் பொது வழக்கம். கத்தி ஏந்திய கை எந்த உடலோடும் சேராமல் தனியே நிற்பதாகவும் சொல்லப்படுகிறது. மூல ஓவியம் உலர்ந்த சுவரில் தீட்டப்பட்டதால் விரைவிலேயே உதிரத் தொடங்கியது உண்மை; ஆனால் லியோனார்டோவின் மாணவர்கள் வரைந்த பழைய படிகளைப் பார்த்தால் அந்தக் கை பேதுருவின் முறுக்கிய வலக்கை என்பது தெளிவாகத் தெரியும். போகிற போக்கில் ஒரு குறிப்பு: டா வின்சி என்பது குடும்பப் பெயரன்று, வின்சி என்ற ஊர்க்காரர் என்றே பொருள், கலை வரலாற்றாசிரியர்கள் அவரை லியோனார்டோ என்றுதான் குறிப்பிடுவார்கள்.

இவ்வளவையும் அடுக்கிய பிறகு, நாவல் சொன்னது எல்லாமே பொய் என்று முடிப்பது மறுதரப்பின் தவறு. மகதலா மரியாவைப் பாவியான வேறொரு பெண்ணோடு ஒன்றாக்கியது நற்செய்தி நூல்கள் அல்ல. 591இல் திருத்தந்தை முதலாம் கிரகோரி நிகழ்த்திய மறையுரையே அந்த வழக்கத்தை நிலைநிறுத்தியது. 1969இல் திருத்தப்பட்ட வழிபாட்டு நாள்காட்டி அந்த இணைப்பைக் கைவிட்டது. 2016இல் மகதலா மரியாவின் நினைவு நாள் விழாவாக உயர்த்தப்பட்டது. அவர் மீது சுமத்தப்பட்ட பழி நியாயமற்றது என்று நாவல் சொல்லும்போது அது திருச்சபைக்கு எதிராகப் பேசவில்லை, தாமதமாகச் சேர்ந்துகொள்கிறது. நாவலில் வரும் ஓபுஸ் தேயி என்ற கத்தோலிக்க அமைப்பில் துறவிகள் கிடையாது. ஆகவே அங்கிக்குள் ஒளிந்து கொலை செய்யும் துறவி சைலஸ் முழுக்க முழுக்கக் கற்பனை. ஆனால் அவன் தொடையில் கட்டிக்கொள்ளும் முள்வார் கற்பனையல்ல: அவ்வமைப்பின் மணத்துறவு பூண்ட உறுப்பினர்கள் சிலர், இரத்தக்களரி இல்லாத மிதமான வடிவில், அதைப் பயன்படுத்துவது உண்டு.

எல்லாப் பிழைகளையும் ஒரே தராசில் வைப்பதும் வேண்டாம். பாரிஸின் லூவர் அருங்காட்சியகப் பிரமிடில் 666 கண்ணாடிகள் என்று நாவல் எழுதுகிறது. அருங்காட்சியகத்தின் கணக்கு 673. இது ஒரு சுவையான வதந்தி, யாருக்கும் கேடில்லை. சூனியக்காரிகள் என்று ஐம்பது இலட்சம் பெண்களைத் திருச்சபை எரித்தது என்று எழுதுவது அப்படிப்பட்டதல்ல. வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு நாற்பதாயிரத்திலிருந்து அறுபதாயிரம் வரை. அவர்களில் ஆண்களும் உண்டு, தண்டித்தவற்றில் பெரும்பகுதி ஊர் நீதிமன்றங்கள். உண்மைத் தொகையே போதுமான அளவுக்குக் கொடூரமாக இருக்கும்போது அதைப் பெருக்கிச் சொல்வது இறந்தவர்களுக்கு நியாயம் செய்வதாகாது.

திரைப்படத்தைப் பார்த்துவிட்டு நாவலைப் பற்றிப் பேசுவது இன்னொரு வழக்கம். 2006இல் வந்த படத்தில் லாங்டன் டீபிங்கை எதிர்த்து வாதாடும் ஐயுறவாளராக மாற்றப்பட்டிருக்கிறார். அந்தப் படத்துக்குத் தமிழ்நாடு அரசு விதித்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு நீக்கியது. தணிக்கை வாரியம் சான்றளித்த படத்தை, ஒரு தரப்பின் மனம் புண்படும் என்ற காரணத்துக்காகப் பார்க்க விரும்பும் மற்றவர்களிடமிருந்து பறிக்க முடியுமா என்பதே அங்கே கேள்வி. கதையின் உண்மைக்கோ பொய்க்கோ அத்தீர்ப்பு சான்றல்ல. இலண்டன் வழக்கையும் இப்படியே தவறாகச் சொல்கிறார்கள். இயேசுவின் வம்சம் என்ற கருத்தை 1982இல் வரலாறாக எழுதிய மூவரில் இருவர் தொடுத்த காப்புரிமை வழக்கு 2006இல் தோற்றது. பொதுவான கருத்துகளுக்கு எவரும் உரிமை கொண்டாட முடியாது என்பதே முடிவு. ஆசிரியர் அந்த நூலிலிருந்து எதையும் எடுக்கவில்லை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. டீபிங் என்ற பெயரே வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவரான பேஜென்ட்டின் பெயரை எழுத்து மாற்றிச் செய்ததுதான்; லீ என்பது மற்றவரின் பெயரே.

இனி நாவலை நாவலாகவே மதிப்பிடுவது. நூற்றைந்து சிறு அத்தியாயங்கள், பெரும்பாலும் ஒரே நாளுக்குள் நடக்கும் ஓட்டம், ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசி வரியிலும் ஒரு கொக்கி. இந்தக் கைத்திறனை மறுப்பவர் நேர்மையாகப் பேசவில்லை. அதே நேரத்தில் பாத்திரங்கள் நடமாடும் கலைக்களஞ்சியங்களாக இருக்கிறார்கள். கொலைகாரன் துரத்திக்கொண்டிருக்கும்போதும் ஒருவர் மற்றவருக்கு ஃபிபோனாச்சி எண்களை விளக்குகிறார். முதல் வாக்கியமே ஒரு மனிதரின் பெயருக்கு முன்னால் அவருடைய புகழையும் பதவியையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. இது பிடிக்கவில்லை என்று சொல்ல ஒருவர் நிசேயா சங்கத்தைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை. பிடித்திருக்கிறது என்பவரும் சீயோன் மடத்தைக் காப்பாற்ற வேண்டியதில்லை.