பழைய வண்டியின் முன்சக்கரம் கொதிப்பது ஏன்? இறுகிய பிரேக்கைக் கண்டறியும் முறை

மலேசியாவின் தாப்பாவிலிருந்து கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவுக்கு ஏறும் பழைய மலைச்சாலை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுடையது. பள்ளி விடுமுறைக் காலத்தில் அதில் இறங்கி வந்தால், லாத்தா இஸ்கண்டார் அருவிக்கு அருகில் முன்சக்கரத்தில் கருகல் வாடையோடு ஓரம் கட்டியிருக்கும் வண்டி ஒன்றையாவது காணலாம். அவற்றுள் பலவற்றில் பழுது எதுவும் இராது. தாழ்ந்த கியரில் இறங்காமல் வழிநெடுகப் பிரேக்கை மிதித்து வந்ததன் விளைவுதான் அது, சற்று ஆறவிட்டால் சரியாகிவிடும். ஆனால் செம்பனைத் தோட்டங்களுக்கு இடையே பீடோர் நோக்கிச் செல்லும் சமதளச் சாலையில், பிரேக்கை மிதிக்காமலே அதே வாடை வருமானால், மிதியை விட்ட பிறகும் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

என் குடும்பத்தின் பழைய புரோட்டோன் வீராவுக்கு இது நேர்ந்தபோது, பட்டறையில் முதலில் உரசி நிறுத்தும் தகடான பேட்டை மாற்றினார்கள், அடுத்த வாரம் சக்கரத்தோடு சுழலும் வட்டான டிஸ்க்கை மாற்றினார்கள், மூன்றாம் முறை பேட்களை டிஸ்க்கின் மீது அழுத்தும் காலிப்பரையே மாற்றச் சொன்னார்கள். உண்மையான பழுது, பிரேக் எண்ணெயைக் காலிப்பருக்குக் கொண்டுசெல்லும், ஒரு முழ நீளம்கூட இல்லாத ரப்பர் ஹோஸில் இருந்தது. வெந்த பேட் பழுதின் விளைவேயன்றிக் காரணம் அன்று என்பதை அந்தச் செலவுக்குப் பின்னர்தான் கற்றேன். ஆகவே எந்த உதிரிப்பாகத்தையும் வாங்குவதற்கு முன் கீழ்க்காணும் சோதனைகளைச் செய்துவிடுங்கள்.

முன் டிஸ்க் பிரேக்கில், காலிப்பருக்குள் இருந்து பேட்டைத் தள்ளும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது என்பது பலருக்கு வியப்பளிக்கும். பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர முகமுடைய ரப்பர் சீல், மிதிக்கும்போது பிஸ்டனோடு சேர்ந்து சற்றே முறுக்கிக்கொண்டு, மிதியை விட்டதும் பழைய வடிவுக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் ஒரு மில்லிமீட்டரின் சிறு பின்னமளவு பின்னுக்குக் கொண்டுவருகிறது. அவ்வளவு மெல்லிய விசை என்பதால், சிறிது துருவோ, காய்ந்த கிரீஸோ, எண்ணெய் திரும்புவதற்கு ஒரு சிறு தடையோ இருந்தாலே பேட் டிஸ்க்கை விட்டு விலகாது.

முதலில் எந்தச் சக்கரம் என்பதை உறுதிசெய்யுங்கள். வண்டிகள் குறைவாக உள்ள நேரத்தில் சமதளச் சாலையில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் பிரேக்கை இயன்றவரை தொடாமல் ஓட்டி, கடைசியில் வேகத்தைத் தானாகக் குறையவிட்டு, கைப்பிரேக்கால் மெதுவாக நிறுத்துங்கள். கைப்பிரேக் பெரும்பாலான வண்டிகளில் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும் என்பதால் முன்சக்கரங்களின் சூடு கலப்படமின்றிக் கிடைக்கும். அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் டிஸ்க்கின் பளபளக்கும் பகுதியில் அளக்காதீர்கள், பளபளப்பான உலோகத்தில் அது உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். துருப்பிடித்து மங்கிய நடுப்பகுதியில், இருபுறமும் ஒரே இடத்தில் அளந்து ஒப்பிடுங்கள். கருவி இல்லாதவர்கள் ரிம்முக்கு அருகில் கையைக் கொண்டுசென்றாலே போதும், தொடக்கூடாது. கொதிக்கும் டிஸ்க்கின் மீது தண்ணீர் ஊற்றுவதும் கூடாது, அது வளைந்தோ விரிசல் கண்டோ போகும். ஸ்டீயரிங்கைத் தளர்த்திப் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் பெரும்பாலும் அந்தப் பக்கமே பிடித்துக்கொண்டிருக்கிறது. சூட்டோடு சேர்த்து, வேகம் கூடக் கூட உயரும் இரைச்சலும் கேட்டால், சக்கர பேரிங்கையும் சந்தேகிக்க வேண்டும்.

வீடு திரும்பியதும், சூடு தணிவதற்குள் அடுத்த சோதனையைச் செய்வது முக்கியம், ஏனெனில் இந்தப் பழுது பல வண்டிகளில் ஆறியதும் மறைந்துவிடும். கைப்பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, முன்பக்கத்தை ஜாக்கால் உயர்த்தித் தாங்கியின் மீது நிறுத்துங்கள். மழையில் நனைந்த செம்மண் தரையில் ஜாக் புதைந்துவிடும், அடியில் தடித்த பலகை போடாமல் தூக்க வேண்டாம். வீட்டில் உள்ள ஒருவரைப் பிரேக்கை அழுத்தி மிதித்து விடச்சொல்லி, கையுறை அணிந்து சக்கரத்தைச் சுற்றுங்கள். லேசான உரசல் ஒலி இயல்பானது; ஆனால் மற்றப் பக்கத்தைவிடத் தெளிவாகக் கடினமாக இருந்தால் பழுது அங்கேதான்.

இனிச் செய்யப்போகும் சோதனைதான் முழுச் சிக்கலையும் இரண்டாகப் பிரித்துக் காட்டும். சக்கரம் இறுகியிருக்கும் நிலையில், காலிப்பரில் காற்று எடுக்கும் நிப்பிளில் (எண்ணெயையும் அதில் சிக்கிய காற்றையும் வெளியேற்றும் சிறு திருகில்) ஒரு சிறு குழாயை மாட்டி, அதன் மறுமுனையைப் போத்தலில் விட்டு, ரிங் ஸ்பேனரால் நிப்பிளைச் சற்றே தளர்த்துங்கள். எண்ணெய் பீறிட்டு வந்து சக்கரமும் உடனே இளகினால், காலிப்பருக்குள் அழுத்தம் சிக்கியிருந்தது என்று பொருள். தடை ஹோஸிலோ, மிதிக்கும்போது எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் பம்பிலோ இருக்கிறது. எண்ணெய் சொட்டாக மட்டும் வந்து சக்கரம் இறுகியே இருந்தால், பிஸ்டனோ காலிப்பர் நகரும் பின்களோ துருவால் பிடித்திருக்கின்றன.

அழுத்தம் சிக்கியிருந்தால், நிப்பிளை மூடி, மீண்டும் மிதித்துச் சக்கரத்தை இறுகச்செய்து, இம்முறை ஹோஸின் மேல்முனையில் இரும்புக் குழாய் சேரும் இணைப்பைத் தளர்த்துங்கள். சக்கரம் இளகினால் பழுது மேலே மாஸ்டர் பம்பின் பக்கம் இருக்கிறது, இளகாவிட்டால் ஹோஸ்தான். பழைய ஹோஸின் உட்புற ரப்பர் உரிந்து ஒருவழிக் கதவுபோல் ஆகிவிடும். காலின் பலம் எண்ணெயை அதன் வழியே தள்ளிவிடும், சீலின் மெல்லிய விசையால் அதைத் திரும்பத் தள்ள முடியாது. வெளியே பார்த்தால் ஹோஸ் புதிதுபோலவே தெரியலாம். சில வண்டிகளில் ஹோஸைப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டை துருவால் பருத்து ஹோஸை நெரிப்பதும் உண்டு. மாற்றும்போது இருபுறமும் மாற்றி, செம்பு வாஷர்களையும் புதிதாகப் போடுங்கள்.

இரண்டு முன்சக்கரங்களும் ஒருசேரக் கொதித்தால், மாஸ்டர் பம்பைப் பாருங்கள். முன்சக்கர இழுவை உள்ள பல வண்டிகளில் எண்ணெய்ப் பாதை குறுக்காகப் பிரிக்கப்பட்டிருப்பதால், ஒரு முன்சக்கரமும் அதற்கு எதிர்மூலையில் உள்ள பின்சக்கரமும் சேர்ந்து இறுகினாலும் அதே சந்தேகம் எழ வேண்டும். மிதியை விட்டதும் பம்பின் பிஸ்டன் முழுமையாகப் பின்வந்தால்தான் எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை திறக்கும். பிரேக் விளக்கின் சுவிட்ச் அளவுக்கு மீறி முன்னே திருகப்பட்டிருந்தாலோ, மிதியின் விசையைப் பெருக்கும் பூஸ்டரின் தள்ளுகோல் நீளமாக வைக்கப்பட்டிருந்தாலோ அந்தத் துளை மூடியே இருக்கும். சூட்டில் விரியும் எண்ணெய்க்குப் போக்கிடம் இல்லாமல் அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறச் சூடு மேலும் ஏறும். அரைமணி நேரம் நிறுத்தினால் தானாக விட்டுவிடும் என்பதால், பட்டறைக்குப் போய்ச் சேரும்போது மெக்கானிக்கின் கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை. பம்பைப் பூஸ்டரோடு பிணைக்கும் நட்டுகளை ஓரிரு மில்லிமீட்டர் தளர்த்தியதும் சக்கரங்கள் இளகினால், தள்ளுகோலையோ மிதியின் நிலையையோ சரிசெய்ய வேண்டும். இது சோதனைக்கு மட்டுமே. நட்டுகளை இறுக்காமல் வண்டியை நகர்த்தக்கூடாது. எண்ணெய்த் தொட்டி மூடியின் ரப்பர் ஊதி நெளிந்திருந்தால், யாரோ எஞ்சின் எண்ணெயோ பவர் ஸ்டீயரிங் எண்ணெயோ ஊற்றியிருக்கிறார்கள். அப்போது பாதை முழுவதையும் கழுவி, எல்லா ரப்பர் பாகங்களையும் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

துருதான் காரணமென்றால் காலிப்பரைக் கழற்றுங்கள்; அதைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்கக்கூடாது. பேட் தூசியைக் காற்றால் ஊதவும் கூடாது, பழைய பேட்களில் கல்நார் இருக்கலாம். இரு பின்களும் விரலால் நகர வேண்டும். உள் பேட்டும் வெளிப் பேட்டும் வெவ்வேறு அளவில் தேய்ந்திருந்தால் பின்னையோ பிஸ்டனையோ சந்தேகிக்கலாம். இரண்டும் சமமாக, ஆனால் மறுபக்கச் சக்கரத்தைவிட அதிகமாகத் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் ஹோஸ்தான். நிப்பிளைத் திறந்து, ஜி கிளாம்பால் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது அது சீராக நகர வேண்டும். முரண்டு பிடித்தால் சீலை மாற்றி, பிஸ்டனின் குரோம் பூச்சு உரிந்திருந்தால் பிஸ்டனையும் மாற்றுங்கள். பின்களுக்குச் சிலிக்கோன் கிரீஸ் மட்டுமே பூசலாம், சாதாரண கிரீஸ் ரப்பர் உறையை ஊதச்செய்யும்.

கடைசியில் எண்ணெய். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது, நம் நாட்டின் காற்றிலோ ஈரத்துக்குக் குறைவில்லை. டாட் 3 என்ற தர வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும்; ஈரமேறிய பின் அந்த வரம்பு 140 பாகைக்கு இறங்கிவிடும். டாட் 4க்கு இவை 230, 155. இறுகிய பிரேக்கின் சூட்டில் எண்ணெய் கொதித்தால் மிதி அடிவரை போய்விடும், மலை இறக்கத்தில் அது நேர்ந்தால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே பழுது எதுவாக இருந்தாலும், தொட்டியின் மூடியில் குறித்துள்ள வகையைப் புதிதாகத் திறந்த போத்தலிலிருந்து ஊற்றி, பழைய எண்ணெய் முழுவதும் வெளியேறும் வரை காற்று எடுங்கள். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுங்கள்.

பின்னர் அதே சமதளச் சாலையில் அதே தூரத்தைப் பிரேக் தொடாமல் ஓட்டி, அதே இடத்தில் நிறுத்தி, இருபக்கச் சூட்டையும் மறுபடி அளந்து பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வரும்வரை குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போக வேண்டாம்.