'ரன்' சொல்லில் நம்மைத் தடுக்கி விழுத்தும் இடங்கள்

ஆங்கிலத்தில் அதிகப் பொருள் கொண்ட சொல் எது என்று கேட்டால் 'செட்' என்பார்கள் பலர். 1989இல் வந்த ஒக்ஸ்ஃபோர்ட் அகராதியின் இரண்டாம் பதிப்பில் அதற்கு 430 பொருள். பிந்திய திருத்தத்தில் 'ரன்' அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் 645. அவ்வளவையும் யாரும் பாடமாக்கத் தேவையில்லை. நமக்குச் சிக்கல் வேறிடத்தில். தமிழ் 'ஓடு'வும் பல வேலை பார்க்கிற சொல். பஸ் ஓடுது, மூக்கால ஓடுது, இரண்டுக்கும் 'ரன்' சரியாகவே பொருந்தும். அந்தத் துணிச்சலில் மற்ற இடங்களிலும் போட்டுவிடுகிறோம்.

முதலில் வாகனம். தமிழ்நாட்டில் கார் ஓட்டுவார்கள். இலங்கையில் நாங்கள் கார் ஓடுவோம். அதனால் சாரதி வேலைக்கான நேர்முகத் தேர்வில் 'ஐ கேன் ரன் எ வான்' என்று வாயில் வந்துவிடும். வான் ஒன்றை வைத்துப் பராமரிக்க உங்களிடம் வசதி இருக்கிறது என்றே கேட்பவர் நினைப்பார். பெற்றோல் விற்கிற விலைக்கு அதுவும் பெரிய விஷயம்தான்! ஆனால் அந்த இடத்தில் சொல்ல வேண்டியது 'ட்ரைவ்'. 'ஐ வில் ரன் யூ ஹோம்' என்று ஒருவர் சொன்னாலோ, உங்களை வாகனத்தில் ஏற்றி வீட்டில் விடுகிறேன் என்கிறார்.

புறக்கோட்டையில் 'கடை நல்லா ஓடுது' என்றால் வியாபாரம் அமோகம். 'த ஷொப் இஸ் ரன்னிங் வெல்' என்றால் நிர்வாகம் சீராக நடக்கிறது என்றுதான் ஆகும். விற்பனையைச் சொல்ல 'டூயிங் வெல்' வேண்டும். படமும் அப்படியே. 'ரன்னிங்' என்றால் இன்னும் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். தியேட்டர் காலியாகவும் இருக்கலாம். சுகம் விசாரித்தால் 'ஏதோ ஓடுது' என்கிறோமே, அதை மட்டும் தயவுசெய்து மொழிபெயர்க்காதீர்கள்.

'ரன் அவுட்' என்றதும் நமக்கு விக்கெட்தான் ஞாபகம் வரும். வீட்டில் பால் முடிந்தாலும் அதே சொல்தான், ஆனால் 'ஒஃப்' (of) எங்கே வரும் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆளை வைத்துச் சொன்னால் 'வீ ஹேவ் ரன் அவுட் ஒஃப் மில்க்'. பாலை வைத்துச் சொன்னால் 'த மில்க் ஹேஸ் ரன் அவுட்', இங்கே 'ஒஃப்' கிடையாது. 'டைம் இஸ் ரன்னிங் அவுட்' என்பதும் அவகாசம் முடியப்போகிறது என்ற எச்சரிக்கை. நேரம் போனதே தெரியவில்லை என்பதற்கு அது உதவாது.

(கிரிக்கெட் 'ரன்'னுக்கு ஓடவே தேவையில்லை என்பது தனி வேடிக்கை. 1997இல் பிரேமதாச மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராக இலங்கை குவித்த 952இல் எத்தனையோ பவுண்டரி எல்லையைத் தொட்டு வந்தவை.)

'ரன் இன்டு'வில் பின்னால் வருவது யார், எது என்று பாருங்கள். கொழும்பு காலி வீதியில் பழைய ரீச்சரை 'ரன் இன்டு' செய்தால் தற்செயலாகச் சந்தித்தீர்கள். பஸ்ஸை என்றால் மோதிவிட்டீர்கள். 'ரன் ஓவர்' மனிதருக்கு வந்தால் வாகனம் ஏறிவிட்டது. கூட்டத்துக்கு வந்தால் குறித்த நேரத்தைத் தாண்டிவிட்டது.

தேர்தலில் நிற்பதற்கு அமெரிக்கர் 'ரன்' என்பார்கள், பிரித்தானியர் 'ஸ்டாண்ட்' என்பார்கள். இரண்டும் சரி.

அப்புறம் அலுவலக மின்னஞ்சல். 'ஐ வில் ரன் இட் பை த மனேஜர்' என்று பதில் வந்தால், வேலையை மனேஜர் செய்யப்போகிறார் என்று அர்த்தமில்லை. அவரிடம் காட்டி அபிப்பிராயம் கேட்கப்போகிறார்கள். அனுமதி இன்னும் கிடைக்கவில்லை, அதனால் செலவைத் தொடங்கிவிடாதீர்கள்.