மருந்தடித்தும் சாகாத நுளம்பு: மலையகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையில் இப்போது மலேரியா பரவவில்லை என்பது உண்மை. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நம் நாட்டை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. ஆனால் ஒழிந்தது ஒட்டுண்ணி மட்டும்தான். அதைச் சுமந்து திரிந்த அனோபிலிஸ் நுளம்பு எங்கும் போய்விடவில்லை. 2018 இறுதியில் மொனராகலையில் அது தெரிந்தது. இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த ஒருவரின் இரத்தத்தில் இருந்த ஒட்டுண்ணி, இங்குள்ள நுளம்பு வழியாக இன்னொருவருக்குத் தொற்றிவிட்டது. சீக்கிரமே கண்டுபிடித்ததால் அதற்கு மேல் பரவவில்லை.

இப்படி ஒரு நாள் மலையகத்தில் நேர்ந்தால், அன்றைக்குச் சுவரில் அடிக்கும் மருந்து நுளம்பைக் கொல்ல வேண்டும். கொல்லுமா என்பது அன்றைக்கு முடிவாகிற காரியம் இல்லை. தோட்டத்திலும் லயத்து வரிசை வீடுகளிலும் ஆய்வுகூடத்திலும் நாம் இன்று செய்கிறவற்றில்தான் அது முடிவாகிறது. அதனால்தான் இந்தத் தவறுகளைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

“மலையில் மலேரியா வராது”

பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. நுளம்பின் வயிற்றுக்குள் ஒட்டுண்ணி வளர வெப்பம் வேண்டும். பல்சிபாரம் வகைக்குச் சராசரியாக 18 பாகை செல்சியஸாவது தேவை, வைவக்ஸ் வகைக்குச் சுமார் 16 பாகை. 25 பாகையில் பல்சிபாரம் கிட்டத்தட்ட 12 நாளில் வளர்ந்துவிடும். 20 பாகையில் அதற்கு நான்கு வாரம் வரை ஆகும், அதற்குள் பெரும்பாலான நுளம்புகள் செத்துவிடும். நுவரெலியாக் குளிர் நம்மைக் காப்பாற்றியது இப்படித்தான். ஆனால் மலையகம் என்றால் நுவரெலியா மட்டும் இல்லையே. கண்டி, மாத்தளை, பதுளையின் தாழ்ந்த பகுதிகள், கேகாலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்கள் எல்லாம் இதே மலையகம்தான். அங்கெல்லாம் ஒட்டுண்ணிக்கு வேண்டிய வெப்பம் தாராளமாக இருக்கிறது.

1934, 35இல் வந்த பெருந்தொற்றில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். அதற்கு வழி விட்டது மழையல்ல, வறட்சி. தென்மேல் பருவமழை பொய்த்தது. வருடம் முழுக்கப் பாய்ந்து நுளம்புப் புழுக்களான குடம்பிகளை அடித்துக்கொண்டு போகும் ஆறுகள் நின்றுபோய், மணலிலும் பாறைக் குழியிலும் தெளிந்த நீர் தேங்கியது. நம் நாட்டின் முதன்மையான மலேரியா நுளம்பான அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் விரும்பி முட்டையிடுவது அந்த மாதிரி நீரில்தான். கேகாலையும் குருணாகலும் மிக மோசமாக அடிபட்டன. வழக்கமாக மலேரியா குறைவாக இருந்த பகுதிகள் என்பதால் மக்களின் உடலில் எதிர்ப்புச் சக்தியும் குறைவு.

ஆற்றுக்கு அணை கட்டினாலும் இதே கதைதான். மகாவலித் திட்டத்தில் அணைகள் எழுந்த பிறகு, அணைக்குக் கீழே நீர் வற்றிய ஆற்றுப் படுக்கையின் பாறைக் குழிகளில் இந்த நுளம்பு பெருகியது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. ஆகவே மழைக்காலத்தில் மட்டும் நுளம்பு தேடுவது, ஆறு வற்றும் மாதங்களில் மறந்துவிடுவது, இரண்டும் தவறு.

எல்லாம் ஒரே நுளம்பு என்று எண்ணுவது

டெங்கு வந்த பிறகு நமக்கு நுளம்பு என்றாலே ஈடிஸ்தான். பூச்சாடித் தட்டு, டயர், சிரட்டை என்று தேடிக் கொட்டுகிறோம். நல்லது, ஆனால் அனோபிலிஸை அங்கே தேடிப் பயனில்லை. ஒரு கண்ணாடிப் போத்தலில் ஓடை நீரை அள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குடம்பி தலைகீழாகத் தொங்கினால், வால் பக்கத்துச் சிறு குழாய் நீர் மட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், அது ஈடிஸ் அல்லது கியூலெக்ஸ் என்ற இன்னொரு வகை. நீரின் மேற்பரப்போடு ஒட்டிக் குச்சி மாதிரி கிடையாகப் படுத்திருந்தால் அனோபிலிஸ். வளர்ந்த நுளம்பையும் சுவரில் உட்காரும் விதத்தில் அடையாளம் காணலாம். அனோபிலிஸ் பின்பக்கத்தைத் தூக்கிச் சரிந்து உட்காரும். ஈடிஸ் கடிப்பது பகலில், அனோபிலிஸ் கடிப்பது அந்திக்குப் பிறகு.

இதில் ஒரு விதிவிலக்கு வந்திருக்கிறது. அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற இந்திய நகர்ப்புற மலேரியா நுளம்பு 2016 இறுதியில் மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது, பிறகு யாழ்ப்பாணத்திலும். அது கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் முட்டையிடும். பல பூச்சிகொல்லிகளுக்கு எதிர்ப்போடுதான் வந்திருக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போடுவது டெங்குக்காக மட்டும் என்று இனிமேல் நினைக்க முடியாது.

“நுளம்பு மருந்துக்குப் பழகிவிட்டது”

பேச்சுவழக்கில் இப்படிச் சொல்கிறோம். தனி ஒரு நுளம்பு எதற்கும் பழகுவதில்லை. கூட்டத்தில் ஏற்கெனவே சில நுளம்புகளிடம் மரபணு மாற்றம் இருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்றுவிட, அந்தச் சில மட்டும் பிழைத்து முட்டையிடும். அடுத்த தலைமுறையில் அவை அதிகமாகும், அதற்கடுத்ததில் இன்னும் அதிகம். நுளம்புக்கு ஒரு தலைமுறை சில வாரம்தான் என்பதால் இது வேகமாக நடக்கிறது.

பிழைக்கும் வழிகளும் பல. சில நுளம்புகளில் மருந்து போய் ஒட்ட வேண்டிய நரம்புப் புரதத்தின் அமைப்பே மாறியிருக்கும். டிடிடி என்ற பழைய பூச்சிகொல்லியும் பைரித்ராயிட் வகைப் பூச்சிகொல்லிகளும் தாக்குவது நரம்பின் ஒரே சோடியம் வாயிலைத்தான். அது மாறிவிட்டால் இரண்டுமே பலிக்காது. வேறு சில நுளம்புகள் நொதிகளைச் சுரந்து மருந்தைச் சிதைத்துவிடும்.

இந்த இடத்தில், படித்தவர்களே திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு பிழையான கதையையும் திருத்த வேண்டும். 1963இல் இலங்கையில் 17 மலேரியா நோயாளிகள்தான் இருந்தார்கள், சுற்றாடல்வாதிகள் டிடிடியைத் தடை செய்யவைத்ததால் 1968, 69இல் லட்சக்கணக்கில் திரும்பிவிட்டது என்பார்கள். நடந்தது வேறு. நோய் குறைந்துவிட்டது என்ற நம்பிக்கையில்தான் தெளிப்பை நிறுத்தினார்கள். கண்காணிப்பும் தளர்ந்தது. நோய் திரும்பிய பிறகு டிடிடியை மறுபடி அடித்துப் பார்த்தார்கள். அதற்குள் நுளம்பிடம் எதிர்ப்பு வளர்ந்திருந்தது. 1970களின் நடுவில் மலத்தியன் என்ற வேறு பூச்சிகொல்லிக்கு மாற வேண்டியதாயிற்று. வெற்றிக்குப் பிறகு கை தளர்ந்ததுதான் காரணம் என்பதை மறைக்கும் எந்தக் கதையும் நமக்கு உதவாது. இன்றைக்கு நாம் நிற்பதும் அதே மாதிரி ஒரு வெற்றிக்குப் பிறகுதான்.

தோட்டத்து மருந்துக்கும் நுளம்புக்கும் சம்பந்தம் இல்லை என்பது

இலங்கையில் நடந்த ஆய்வுகளில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இதுதான். 1980களில் ஜெனட் ஹெமிங்வே என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் இங்குள்ள இரண்டு அனோபிலிஸ் இனங்களை ஒப்பிட்டார்கள். வீட்டுக்குள் வந்து இரத்தம் குடிக்கும் கியூலிசிபேசிஸிடம் மலத்தியனை மட்டும் சிதைக்கும் நொதி இருந்தது. மலேரியாத் தெளிப்பு கொடுத்த எதிர்ப்பு அது. வெளியில் திரியும் நைஜெரிமஸ் இனமோ வீட்டுச் சுவர் மருந்தை அதிகம் சந்தித்ததே இல்லை. ஆனாலும் ஓகனோபொஸ்பேட் (மலத்தியன் இந்த வகைதான்), கார்பமேட் என்ற இரண்டு பூச்சிகொல்லி வகைகளில் பல மருந்துகளுக்கு அதனிடம் எதிர்ப்பு இருந்தது. வயலில் அடித்த மருந்து, குடம்பி வாழும் நீரில் கலந்து கொடுத்த எதிர்ப்பு என்று கண்டார்கள்.

இதை நம் மரக்கறித் தோட்டங்களோடு வைத்துப் பாருங்கள். கோவா, லீக்ஸ், கிழங்குக்குக் கிழமைக்கு ஒரு தடவை மருந்து. அடித்து முடித்ததும் முதுகில் மாட்டும் தாங்கியைக் கழுவுவது பக்கத்து ஓடையில். மிச்ச மருந்து கானில். போத்தல் பீலிக்குப் பக்கத்தில். அந்த நீர் கீழே போகப் போகச் செறிவு குறையும். குடம்பியைக் கொல்லப் போதாத, ஆனால் பலவீனமானதை மட்டும் கழித்துவிடப் போதுமான அளவில் அது கீழ்ப் பகுதிகளுக்குப் போய்ச் சேரும். தாங்கியை நிலத்தில், ஓடைக்குத் தள்ளிக் கழுவுங்கள். கழுவிய நீரைப் பயிருக்கே திருப்பி அடித்துவிடலாம்.

மருந்தை மாற்றினோம் என்று சொல்லிப் பெயரை மட்டும் மாற்றுவது இன்னொன்று. சைபர்மெத்ரினை விட்டுவிட்டு டெல்டாமெத்ரின் வாங்கினால் கம்பனிதான் மாறியது. இரண்டும் பைரித்ராயிட். பேர்மெத்ரின், லாம்டா சைஹலோத்ரின் எல்லாம் அதே வகை. நுளம்புச் சுருளிலும் பெரும்பாலும் அந்த வகைதான், மருந்திட்ட நுளம்பு வலையிலும் அதுதான். மாற்றுவதென்றால் வேலை செய்யும் விதம் வேறான வகைக்கு மாற்ற வேண்டும். லேபலில் சிறிய எழுத்தில் இருக்கும் செயல்படு பொருளின் பெயரைப் படிக்காமல் இது முடியாது.

சுவரில் அடித்ததை நாமே மூடிவிடுவது

வீட்டுக்குள் தெளிக்கும் மருந்து, இரத்தம் குடித்த நுளம்பு சுவரில் ஓய்வெடுக்கும்போது அதன் காலில் ஒட்டிக் கொல்வதற்காகப் போடுவது. மலத்தியன் இரண்டு மூன்று மாதம் நிற்கும், பைரித்ராயிட் மூன்று முதல் ஆறு மாதம். தெளித்த அடுத்த வாரமே தீபாவளிக்கென்று லயத்துக் காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடித்தால் அவ்வளவும் வீண். தெளிக்க வருபவர்களிடம், “சாமி அறைக்கு வேண்டாம், படுக்கை அறைக்கு வேண்டாம்” என்று சொல்வதும் அப்படியே. நுளம்பு தங்குவது படுக்கை அறையில்தான். பண்டிகை வேலை இருந்தால் தெளிக்கும் திகதியைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம், முதலில் வெள்ளையடித்துவிட்டு அப்புறம் தெளிக்கச் சொல்லலாம்.

புகையடிப்பது வேறு விஷயம். அது அந்த நேரம் பறக்கும் நுளம்பைத்தான் கொல்லும், குடம்பியைத் தொடாது.

ஆய்வுகூடத்தில்

உயர்தர மாணவர்களும் பல்கலைக்கழகப் பிள்ளைகளும் இப்போது எதிர்ப்புச் சோதனை செய்கிறார்கள், சந்தோஷம். உலக சுகாதார நிறுவனத்தின் குழாய்ச் சோதனையில் மருந்திட்ட தாள் கொண்ட குழாய்க்குள் 20 முதல் 25 நுளம்புகளை ஒரு மணி நேரம் விட்டு, பிறகு 24 மணி நேரம் கழித்து இறந்தவற்றை எண்ணுவார்கள். இரத்தம் குடிக்காத, 3 முதல் 5 நாள் வயதுப் பெண் நுளம்புகள்தான் வேண்டும். ஓடையில் பிடித்த வயது தெரியாத நுளம்பைப் போட்டால் எண் பொய் சொல்லும். வயதான நுளம்பு எதிர்ப்பு இருந்தாலும் சீக்கிரம் சாகும்.

மலையகத்தில் கூடுதலாக ஒரு சிக்கல். சோதனைக்கு 27 பாகை, இரண்டு பாகை கூடலாம் அல்லது குறையலாம், ஈரப்பதன் 75 வீதம் என்று வரையறை இருக்கிறது. நுவரெலியாவில் ஹீட்டர் இல்லாத அறையில் 15 பாகையில் செய்த சோதனையைக் கீழ்நாட்டு முடிவோடு ஒப்பிடக் கூடாது. குளிரில் சில மருந்தின் வீரியம் கூடும், சிலதின் வீரியம் குறையும்.

கவிழ்ந்து கிடக்கிறதை எல்லாம் செத்ததாக எண்ணிவிடுவது சகஜம். ஒரு மணி நேரத்தில் விழுந்தது மறுநாள் எழுந்து பறக்கலாம். அதற்குத்தான் 24 மணி நேரம். முடிவை வாசிப்பதிலும் கவனம் வேண்டும். 92 வீதம் செத்தது என்றால் பரீட்சையில் நல்ல புள்ளி. இங்கே அப்படியில்லை. 98 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் மருந்து பலிக்கிறது என்று பொருள். 90க்கும் 98க்கும் இடையில் சந்தேகம், 90க்குக் கீழே எதிர்ப்பு உறுதி. மருந்து வைக்காத ஒப்பீட்டுக் குழாயிலேயே 20 வீதத்துக்கு மேல் செத்தால் அந்தச் சோதனையைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்பச் செய்ய வேண்டியதுதான்.

எதிர்ப்பு உறுதியானது என்றதும் வலை வீண் என்று சொல்லிவிடாதீர்கள். கிழியாத வலை கடியைத் தடுக்கும். மருந்திட்ட வலையை வெயிலில் காயப் போடாமல், நிழலில் காய வைத்தால் மருந்து நீடிக்கும்.

காய்ச்சலை டெங்கு என்று முடித்துவிடுவது

தல யாத்திரைக்கு இந்தியா போய் வருபவர்கள், வேலைக்கு ஆப்பிரிக்கா போய் வருபவர்கள் மலையகத்தில் நிறையப் பேர். போகுமுன் மலேரியா தடை இயக்கத்தில் தடுப்பு மாத்திரை இலவசமாகக் கிடைக்கும். வந்த பிறகு காய்ச்சல் என்றால் டெங்குப் பரிசோதனையோடு நிறுத்தாமல், எந்த நாடு, எந்தத் திகதி என்று வைத்தியரிடம் சொல்லி மலேரியாவுக்கும் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். வைவக்ஸ் ஒட்டுண்ணி ஈரலில் மாதக் கணக்கில் தூங்கிவிட்டுத் திரும்ப எழும்பக்கூடியது. போன வருடப் பயணமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.