கோணல் முகத்துக் கொலுப் பொம்மைகள்: பழையன சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற புரட்டாசியில் ஓர் இளைஞர் பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஒன்றரை அடி உயரக் கிருஷ்ணர் பொம்மையை என் மேசைமேல் வைத்து, "முகத்தைச் சரிசெய்துவிட்டேன் அம்மா, ஆனாலும் ஏதோ இடிக்கிறது, என்னவென்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். காகிதக் கூழில் செய்த பண்ருட்டிப் பொம்மை அது. துணியை விலக்கியதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே பிழையை, என்னைவிட நல்ல தூரிகையோடும் கூடுதல் பொறுமையோடும் அவர் செய்திருந்தார்.

பழைய கொலுப் பொம்மைகளைச் சேர்க்கவும் பழுது பார்க்கவும் தொடங்கும் எவருக்கும் முதல் ஆண்டிலேயே ஒரு கேள்வி எழும். பொம்மையின் இடக் கண் வலக் கண்ணைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கிறது, உதட்டின் ஒரு முனை மேலேறியிருக்கிறது. இது அழகா, அச்சமூட்டுவதா? ஒரே பொம்மையைப் பார்த்து ஒருவர் "உயிரோடு இருப்பது போலிருக்கிறது" என்று மகிழ்வதையும், இன்னொருவர் அதே சொற்களைச் சொல்லி முகம் சுளிப்பதையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டு விடை காண்பதால்தான் பொம்மைகள் கெடுகின்றன. கீழே விழாமல் பிடிப்பது, பாச்சை உருண்டை போட்டு வைப்பது போன்றவற்றை எல்லோரும் அறிவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

கைபேசிப் படத்தைக் கொண்டு தீர்ப்புச் சொல்வது

கைபேசியை முகத்தருகே கொண்டுபோய் எடுக்கும் படத்தில் மூக்கு பெருக்கும், கன்னங்கள் பின்வாங்கும், லென்ஸுக்கு ஒரு விரற்கடை அருகிலிருக்கும் கண் மற்றதைவிடப் பெரிதாகத் தெரியும். இந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஒரு பொம்மையை "மாறுகண்" என்று ஒதுக்கிய பலரை எனக்குத் தெரியும். கொலுப் பொம்மை படியில் நிற்பதற்காகவும், எதிரே தரையில் உட்கார்ந்திருப்பவர் நான்கைந்து அடி தொலைவிலிருந்து பார்ப்பதற்காகவும் செய்யப்பட்டது. மனிதனை ஏறக்குறைய ஒத்திருக்கும் உருவங்கள் ஏன் திடீரென்று அருவருப்பூட்டுகின்றன என்பதை 1970இல் ஒரு கட்டுரையில் விளக்க முற்பட்ட ஜப்பானியப் பொறியாளர் மசாஹிரோ மோரியும், தம் நாட்டுப் புன்ராகு பொம்மலாட்டப் பாவைகளைப் பற்றிச் சொல்லும்போது தொலைவைக் கணக்கில் எடுத்துக்கொண்டார். அருகில் பார்த்தால் அவை மனிதரைப் போல் இருப்பதில்லை. அரங்கில் உட்கார்ந்து பார்க்கும்போது நாம் அவற்றை உயிருள்ளவையாக ஏற்றுக்கொள்கிறோம். ஆகவே பொம்மையை அது நிற்கவேண்டிய உயரத்தில் நிறுத்தி, உரிய தொலைவில் அமர்ந்து, ஓரிரு நாள்கள் பார்த்த பிறகே அதன் முகத்தைப் பற்றி ஒரு முடிவுக்கு வாருங்கள்.

கீழிருந்து வெளிச்சம் போடுவது

படிகளின் அடியில் சீரியல் விளக்கு வைத்தால் எந்த முகமும் பேயறைந்தது போலத்தான் தோன்றும். முதலில் விளக்கை மேலே மாற்றுங்கள்.

ஜோடியைப் பிரிப்பது

இணையாகச் செய்த பொம்மைகளில் ஒன்றை மட்டும் வாங்குகிறவர்கள், பிறகு அதன் கண் ஒருபக்கமாகப் போகிறது என்று வருந்துவார்கள். முருகனுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டிய வள்ளியின் கருவிழிகளை, அவனை நோக்கி ஒரு நூலிழை தள்ளி எழுதுவதுண்டு. அவன் அங்கே இருக்கும்வரை அது பார்வையாக இருக்கிறது; அவனை எடுத்துவிட்டால் அது குறையாகத் தெரிகிறது.

கண்ணைத் திருத்துவது

மற்ற எல்லாத் தவறுகளையும் சேர்த்தாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது. இதைப் பற்றிப் பேசும்போது இன்றும் என் குரல் உயர்ந்துவிடுகிறது.

2003இல் கும்பகோணத்தில் விற்பனைக்கு வந்த ஒரு பழைய வீட்டிலிருந்து செட்டியார், செட்டிச்சி ஜோடி ஒன்றை வாங்கினேன். சுட்ட மண் பொம்மைகள். தொப்பை சரிய அமர்ந்திருக்கும் செட்டியார், பக்கத்தில் காலை மடித்து உட்கார்ந்திருக்கும் செட்டிச்சி, முன்னால் அரிசி பருப்பு பரப்ப இடம். செட்டிச்சியின் இடக் கண் எள்ளளவு தாழ்ந்திருந்தது. வாங்கிய அன்று அது என்னை உறுத்தவில்லை. வீட்டுக்கு வந்த ஒரு விருந்தாளி "இந்தப் பொம்மை என்ன, ஒரு மாதிரியாகப் பார்க்கிறது" என்று சொன்ன பிறகு, எனக்கு அந்தக் கண்ணைத் தவிர வேறெதுவும் தெரியாமல் போயிற்று. வலக் கண்ணின்மேல் மெல்லிய தாளை வைத்துப் படியெடுத்தேன். தாளைத் திருப்பி, மூக்குத்தண்டிலிருந்து அளந்து, இடப்புறம் அதே உயரத்தில் பதித்தேன். பழைய மையை ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டுப் புதிய கண்ணை எழுதினேன். அளவில் ஒரு மயிரிழைப் பிசகும் இல்லை. செட்டிச்சி அன்றிலிருந்து என்னை வெறித்துப் பார்க்கத் தொடங்கினாள்.

ஏன் அப்படி ஆயிற்று என்பது எனக்கு விளங்க ஆண்டுகள் பிடித்தன. இத்தகைய பொம்மைகளை முன்பாதி, பின்பாதி என இரண்டு அச்சுகளில் மண்ணை அழுத்தி எடுத்து, காதோரத்தில் இணைப்பார்கள். ஈரமண் காயும்போது சுருங்கும்; வெயில் படும் பக்கம் முந்தியும் நிழல் பக்கம் பிந்தியும் காய்ந்தால் முகம் ஒருபுறம் இழுக்கும். அச்சு தேய்ந்திருந்தாலும், விரல் ஒருபக்கம் கூடுதலாக அழுந்தியிருந்தாலும் கண்குழி இடம் மாறும். பொம்மைக்காரர் கண் எழுத உட்காரும்போது அவர் முன்னே இருப்பது இப்படி ஏற்கெனவே சாய்ந்துவிட்ட முகம்தான். அவர் அந்தச் சாய்வை ஏற்றுக்கொண்டு, மண்ணில் இமை எங்கே புடைத்திருக்கிறதோ அங்கே மைக்கோட்டை வைக்கிறார். அளந்து பார்த்தால் தாழ்வாகத் தெரியும் அந்தக் கண் கன்னத்தோடும் புருவ மேட்டோடும் பொருந்தியிருக்கும். நான் அதை எள்ளளவு உயர்த்தியபோது, மண்ணில் இருந்த இமை கீழேயும் மையில் எழுதிய இமை மேலேயுமாக, ஒரே பக்கத்தில் இரண்டு கண்களை உண்டாக்கிவிட்டேன். பக்கவாட்டு வெளிச்சம் பட்டதும் பழைய குழியின் நிழல் புதிய கண்ணுக்கு அடியில் விழும். பார்ப்பவருக்கு இந்தக் காரணம் தெரியாவிட்டாலும், உடல் கூசுவதென்னவோ உண்மை.

அடுத்தது பார்வை. ஒரே கண்களை வேறொரு முகச்சாய்வில் பொருத்தினால் அவை வேறு திசையில் பார்ப்பதாகத் தோன்றும் என்பதை, ஆங்கிலேய அறிவியலாளர் வில்லியம் ஹைட் வொல்லஸ்டன் 1824இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்ட கட்டுரையில், ஓவிய முகங்களின் கீழ்ப்பாதியை மாற்றி ஒட்டிக் காட்டினார். கண் எங்கே பார்க்கிறது என்பதை மூக்கும் தாடையும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. ஆகவே ஒரு கண்ணை மட்டும் தனியே எடுத்து "சரி" செய்வது இயலாத காரியம். மதுரைக்கு அருகே விளாச்சேரியில் மூன்று தலைமுறையாகப் பொம்மை செய்யும் ஒரு பெரியவர் இதை எனக்கு ஒரே மூச்சில் சொன்னார்: "ரெண்டு கண்ணும் ஒரே எடத்தப் பாக்கணும்மா. ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்கணும்னு இல்ல." நான் எடுத்துக்கொண்ட முடிவும் இதுதான். கன்னம், உதடு, புருவம், கண்ணின் உயரம் ஆகியவற்றில் இருக்கும் கோணல் பெரும்பாலும் முகத்துக்கு உயிர் தருகிறது. நம் முகங்களே அப்படித்தான் இருக்கின்றன. இரண்டு கருவிழிகளும் இரண்டு வெவ்வேறு இடங்களைப் பார்க்கும்போது மட்டுமே முகம் கலவரமூட்டுகிறது. இந்த இரண்டையும் ஒன்றெனக் கருதி, முதல் வகையைத் திருத்தப் போய் இரண்டாவதை உண்டாக்குகிறோம்.

இழப்பு அத்தோடு நிற்பதுமில்லை. பழைய பொம்மைகள் பலவற்றில் சுண்ணாம்பும் பசையும் கலந்த வெண்பூச்சின்மேல் நீர்வண்ணம் தீட்டி, அதற்குமேல் வார்னிஷ் பூசியிருப்பார்கள். பல பத்தாண்டுகளில் வார்னிஷ் பழுத்து, கண்ணின் வெண்மை தந்த நிறத்துக்கு வந்திருக்கும். அதன் பக்கத்தில் இன்று வாங்கிய வெள்ளையை வைத்தால் அந்தக் கண் மட்டும் பளிச்சென்று விழிக்கும். அதைச் சமன்செய்ய மற்றக் கண்ணையும் எழுதுவோம். இரண்டு புதிய கண்களுக்கு நடுவே பழைய முகநிறம் அழுக்காகத் தோன்றும். முகத்தைத் தீட்டினால் கழுத்தில் கோடு தெரியும். செட்டிச்சியின் முகம் முழுவதையும் நான் இப்படித்தான் இழந்தேன். அந்த முகத்தை எழுதியவர் யாரென்று தெரியாது, அவரிடம் திரும்பப் போகவும் முடியாது. இணையை இணையாகவே கேட்டு வந்த ஒரு சேகரிப்பாளர், செட்டிச்சியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்தார்.

இதனால்தான் எனக்கு இந்தப் பேச்சில் பொறுமை இருப்பதில்லை. இன்று இந்தத் தவற்றைச் செய்வது முன்னைவிட எளிதாகிவிட்டது. அந்த இளைஞர் பொம்மையைப் படமெடுத்து, முகத்தின் ஒரு பாதியைக் கைபேசியிலேயே கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி ஒட்டி, அதுவே கிருஷ்ணரின் "சரியான" முகம் என்று நம்பி, அதைப் பார்த்துத் தீட்டியிருந்தார். உங்கள் சொந்தப் படத்தை அப்படிப் பாதியாக்கித் திருப்பி ஒட்டிப் பாருங்கள். வருவது நீங்களாக இருக்கமாட்டீர்கள். உங்கள் தாய்க்கே அந்த முகம் அந்நியமாக இருக்கும்.

கையில் தூரிகையை எடுக்கத் தோன்றும்போதெல்லாம் நான் ஒரு சோதனை செய்கிறேன். பொம்மையைக் கண்மட்டத்தில் வைத்து, ஒரு சீட்டால் அதன் வலக் கண்ணை மறைத்து, இடக் கண் எங்கே பார்க்கிறதோ அங்கே நகர்ந்து உட்காருகிறேன். பிறகு சீட்டை மற்றக் கண்ணுக்கு மாற்றுகிறேன். நான் எழுந்து இடம் மாறத் தேவையில்லை என்றால் அந்தப் பார்வையில் பிழை இல்லை, கோணல் எவ்வளவு இருந்தாலும் சரி. மாற வேண்டியிருந்தால், அப்போதும் தூரிகையைத் தொடாமல், பொம்மையை விரற்கடை அளவு திருப்பி வைத்துப் பார்க்கிறேன். பெரும்பாலான பொம்மைகள் இந்தச் சிறு திருப்பத்திலேயே அமைதியாகிவிடுகின்றன.

மரப்பாச்சிக்குக் கண் எழுதுவது

செய்யாதீர்கள். செம்மரத்தில் கோடிகாட்டுவதுபோல் செதுக்கிய அந்த முகத்துக்கு அந்தச் செதுக்கலே போதும்.

கண்ணாடிக் கண்ணையும் எழுதிய கண்ணையும் ஒன்றாக நினைப்பது

மேலே சொன்னது முழுவதும் கையால் எழுதிய கண்ணுக்குரியது. ஐரோப்பியப் பீங்கான் தலைப் பொம்மைகளை, குறிப்பாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு, ஜெர்மன் பொம்மைகளைச் சேர்ப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அவற்றில் கண்ணாடிக் கண்களை மண்டையின் திறப்பு வழியே உள்ளிருந்து வைத்து, பிளாஸ்டர் கொண்டு நிலைநிறுத்துவார்கள். படுக்கவைத்தால் மூடும் கண்களாக இருந்தால், ஈயக் குண்டு ஒன்றின் எடையில் அவை ஒன்றாகச் சுழலும். பிளாஸ்டர் இளகி ஒரு கண் உள்ளே திரும்பிக்கொண்டால் அது செய்தவரின் கைக்குறிப்பு ஆகாது. கழன்றுபோன ஓர் உறுப்பு. பழைய பிளாஸ்டரைப் பீங்கான் கீறாமல் எடுத்து, கண்ணை மீண்டும் அமர்த்துவது தேர்ந்தவர்கள் செய்யும் முறையான பழுதுபார்ப்பு. ஆனால் அதே தலையில் கையால் தீட்டிய புருவங்கள் ஒன்றுக்கொன்று உயரம் மாறியிருந்தால், அவற்றை விட்டுவிட வேண்டும்.

எல்லாக் கோணலும் அழகு என்று இருந்துவிடுவது

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. காகிதக் கூழ்ப் பொம்மையின் ஒரு கன்னம் ஆண்டுக்கு ஆண்டு உள்வாங்கிக்கொண்டே போனால் அதில் ஈரம் ஏறியிருக்கிறது என்று பொருள். உதடு விலகுவதுபோல் தெரிவது அடிப்பூச்சு பெயர்ந்து எழும்புவதாக இருக்கலாம். இவற்றை முகபாவம் என்று ரசித்துக்கொண்டிருந்தால் ஒரு மழைக்காலத்தில் முகமே உதிர்ந்துவிடும். ஆண்டுதோறும் பெட்டியில் வைக்கும் முன் ஒரே இடத்திலிருந்து ஒரே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். சென்ற ஆண்டுப் படத்தோடு ஒப்பிட்டு, மாறியிருப்பதை மட்டும் பழுதாகக் கொள்ளுங்கள். பிறந்தபோதே இருந்த கோணல் எந்தப் படத்திலும் மாறாது.

கிருஷ்ணரை அந்த இளைஞரிடமிருந்து வாங்கி, அன்று மாலை ஜன்னலோரச் சாய்வெளிச்சத்தில் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தோம். இடக் கண்ணில் அவருடைய அக்ரிலிக் பூச்சு பழைய வார்னிஷுக்கு மேலே நின்றிருந்தது; பழைய இமைக்கோட்டின் மேடு அடியில் தெரிந்தது. முனை மழுங்கிய மூங்கில் சிம்பால், ஒரு தடவைக்கு எள்ளளவாக, இரண்டு மணி நேரம் பெயர்த்தோம். தாழ்ந்து, சற்றே வெளிப்புறம் நீண்ட, தேன் நிறத்துக்குப் பழுத்த பழைய கண் மெல்ல வெளியே வந்தது. தம்பி வாய் திறக்கவே இல்லை. பிறகு வலப்பக்கம் திருப்பினோம். அங்கே பூச்சு பிடிக்கவேண்டும் என்று பழைய மையை அவர் முன்பே உப்புத்தாளால் தேய்த்து எடுத்திருந்தார். அக்ரிலிக் பெயர்ந்த இடத்தில் வெறும் சுண்ணாம்பு வெள்ளை மட்டும் இருந்தது.