ஓடிப்போன சிப்பிகள்: சீனப் பங்குச் சந்தையைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஷாங்காயில் ஏதோ ஒரு தரகு அலுவலகம். சுவர் அளவுக்குத் திரை, அது முழுக்கச் சிவப்பு எண்கள். செய்தித்தாளில் இந்தப் படத்தைப் பார்த்ததும் சந்தை சரிந்துவிட்டது என்று நாம் முடிவுகட்டிவிடுவோம். சீனாவில் சிவப்பு மங்கல நிறம். ஏறிய பங்கு சிவப்பில் வரும், இறங்கியது பச்சையில் வரும். மும்பைத் திரைக்குப் பழகிய கண் அதைத் தலைகீழாகப் படிக்கிறது.

இது யாருடைய பணத்தையும் கரைக்காத தவறு. ஆனால் அதே பழக்கத்தில் மற்றவற்றையும் படித்தால் கரையும். சீனச் சந்தையை நமக்குத் தெரிந்த சந்தைகளின் சின்ன வயதுப் பதிப்பாக நினைப்பதிலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. அது வேறொரு தேவைக்காகக் கட்டப்பட்ட வீடு. 1990 டிசம்பர் 19 அன்று ஷாங்காயின் பழைய ஹோட்டல் ஒன்றில், எட்டே நிறுவனங்களை வைத்துக்கொண்டு, சேகண்டி அடித்துத் திறந்தார்கள். பொதுவுடைமைக் கட்சி ஆளும் நாட்டில் இது அடுக்குமா என்ற கேள்வி அப்போது கட்சிக்குள்ளேயே இருந்தது. முயன்று பார்க்கலாம், சரிவராவிட்டால் மூடிவிடலாம் என்று 1992இல் தெற்குப் பயணத்தின்போது மூத்த தலைவர் டெங் சியாவ்பிங் அதற்கு வழி சொன்னார். வங்கிக் கடனில் ஓடிக்கொண்டிருந்த அரசு நிறுவனங்களுக்கு மக்களின் சேமிப்பைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் சந்தையின் முதல் வேலை. பங்கு வாங்குகிறவருக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்வி வெகு காலம் கழித்துத்தான் வந்தது.

நாடு வளர்ந்தால் குறியீடும் வளரும் என்று நம்புவது

2007 அக்டோபர் 16 அன்று, அங்குள்ள பங்குகளின் மொத்தப் போக்கை ஒரே எண்ணில் காட்டும் ஷாங்காய் கூட்டுக் குறியீடு 6,124 புள்ளியைத் தொட்டது. அதன்பின் பதினேழு ஆண்டுகளில் சீனப் பொருளாதாரம் ஏறத்தாழ ஐந்து மடங்கானது. குறியீடோ அந்த உச்சத்தை அந்தப் பதினேழு ஆண்டுகளில் ஒருமுறைகூட எட்டவில்லை.

எப்படி இது சாத்தியம் என்பதற்கு ஒரே ஒரு நாளைப் பார்த்தால் போதும். 2007 நவம்பர் 5, அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோசைனா ஷாங்காயில் பட்டியலான நாள், அதாவது அதன் பங்கு அங்கே வர்த்தகத்துக்கு வந்த நாள். வெளியீட்டு விலை 16.70 யுவான். முதல் வர்த்தகமே 48.60 யுவானில் நடந்தது. அன்று அந்த நிறுவனத்தின் சந்தை மதிப்பு ஒரு டிரில்லியன் டாலரைத் தாண்டிவிட்டது என்று உலகமே எழுதியது. ஷாங்காயில் விற்பனைக்கு வந்தவை 400 கோடி பங்குகள். நிறுவனத்தின் மொத்தப் பங்குகள் 18,300 கோடி. அதாவது நூறில் இரண்டுக்கும் சற்று அதிகமான பங்குகளுக்காகக் கூட்டம் முண்டியடித்து வைத்த விலையை, யாரும் விற்காத மீதிக்கும் சேர்த்துப் பெருக்கி எழுதிய கணக்கு அது. ஹாங்காங்கில் அதே நிறுவனத்தின் பங்கு 2000ஆம் ஆண்டில் 1.27 ஹாங்காங் டாலருக்கு வெளியானது. அதை மலிவாக வாங்கி வைத்திருந்த வாரன் பஃபெட் 2007இலேயே விற்றுவிட்டு வெளியேறியிருந்தார். ஷாங்காயில் 48 யுவானுக்கு வாங்கியவர்களின் நிலைமை வேறு. குறியீடும் மொத்தப் பங்குகளை வைத்தே எடை போட்டதால், உச்ச விலைக்குப் பக்கத்தில் உள்ளே நுழைந்த இந்த யானை, பிறகு இறங்கிய ஒவ்வொரு படிக்கும் குறியீட்டையும் இழுத்துக்கொண்டே இறங்கியது.

இதற்குப் பின்னால் இன்னும் பழைய நோவு ஒன்று உண்டு. தொடக்கத்திலிருந்தே பங்குகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு அரசிடமும் அரசு சார்ந்த நிறுவனங்களிடமும் இருந்தது. அவற்றைச் சந்தையில் விற்க முடியாது என்பது விதி. நிறுவனம் கைமாறிவிடக் கூடாது என்ற அச்சத்தில் வைத்த பூட்டு அது. ஆனால் அந்தப் பூட்டு என்றாவது திறக்கும், அணை உடைந்ததுபோல் பங்குகள் கொட்டும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. 2001இல் அரசுப் பங்குகளை விற்கும் பேச்சு எழுந்ததும் 2,245 புள்ளியில் இருந்த குறியீடு இறங்கத் தொடங்கி, 2005 ஜூனில் 1,000க்கும் கீழே போனது. கடைசியில் அரசு பேரத்துக்கு வந்தது. பூட்டிய பங்குகளை வைத்திருந்தவர்கள் சிறு முதலீட்டாளர்களுக்குச் சராசரியாகப் பத்துக்கு மூன்று பங்கு வீதம் ஈடு கொடுத்து விற்கும் உரிமையைப் பெற்றார்கள். சீனச் சந்தையின் சீர்திருத்தங்களில் நேர்த்தியானது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். இரண்டரை ஆண்டுக்குள் குறியீடு ஆறு மடங்கானது வேறு கதை.

வெளியே போகும் கதவு திறந்தே இருக்கும் என்று நினைப்பது

ஏ பங்கு எனப்படும் உள்நாட்டுப் பங்கை இன்று வாங்கினால் இன்றே விற்க முடியாது, நாளைதான். முதன்மைப் பட்டியலில் (மெயின் போர்டு) உள்ள ஒரு பங்கு ஒரே நாளில் 10 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்ற வரம்பு 1996 டிசம்பரிலிருந்து இருக்கிறது. இரண்டும் சூதாட்டத்தைக் குறைப்பதற்காக வந்தவை. நல்ல நாளில் அப்படித்தான் வேலை செய்கின்றன. கெட்ட நாளில் நிலைமை வேறு. பங்கு 10 சதவீதம் இறங்கி அங்கேயே நின்றுவிடும். விற்கப் பெரிய வரிசை, வாங்க ஆள் இல்லை. மறுநாளும் அதே கதை.

2015இல் இது முழு அளவில் தெரிந்தது. தரகு நிறுவனங்கள் வழியாக மட்டும் முதலீட்டாளர்கள் வாங்கிய கடன் 2 லட்சம் கோடி யுவானைத் தாண்டியிருந்தது. ஜூன் 12 அன்று 5,178 புள்ளியைத் தொட்ட சந்தை பிறகு சரியத் தொடங்கியதும், கடன் கொடுத்தவர்கள் ஈடாக இருந்த பங்கை விற்றார்கள், அந்த விற்பனையே அடுத்த சரிவுக்குக் காரணமானது. ஜூலை இரண்டாவது வாரத்தில் நிறுவனங்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் பங்கின் வர்த்தகத்தையே நிறுத்திவைக்கச் சொல்லிக் கேட்டன. பட்டியலில் இருந்த நிறுவனங்களில் ஏறத்தாழ பாதி இப்படி முடங்கின. விற்க நினைத்தவர்கள் முடங்கியதை விற்க முடியாமல், முடங்காத நல்ல பங்குகளை விற்றுத் தள்ளினார்கள்.

பாடம் கற்றுக்கொண்ட, சந்தையை ஒழுங்குபடுத்தும் ஆணையம் 2016 ஜனவரியில் சர்க்யூட் பிரேக்கர் கொண்டுவந்தது. பெரிய 300 நிறுவனங்களின் குறியீடு 5 சதவீதம் விழுந்தால் பதினைந்து நிமிட இடைவேளை, 7 சதவீதம் விழுந்தால் அன்றைய வர்த்தகம் முடிந்தது. நடைமுறைக்கு வந்த முதல் நாளான ஜனவரி 4 அன்றே இரண்டு எல்லையும் தாண்டின. ஜனவரி 7 அன்று காலை 9.30க்குத் திறந்த சந்தை 9.42க்கு 5 சதவீதம் விழுந்து நின்றது. 9.57க்கு மீண்டும் திறந்தது. பத்து மணி ஆவதற்குள் 7 சதவீதம் விழுந்து அன்றைக்குக் கடை மூடியாயிற்று. இடைவேளையைக் கழித்தால் வர்த்தகம் நடந்தது கால்மணி நேரத்துக்கும் குறைவு. கதவு மூடப்போகிறது என்று நேரம் குறித்துச் சொன்னால் மக்கள் அமைதியாக உட்கார்ந்திருக்க மாட்டார்கள், கதவை நோக்கித்தான் ஓடுவார்கள். மறுநாளே அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. அடுத்த மாதம் ஆணையத் தலைவர் ஷியாவ் காங் மாற்றப்பட்டார்.

முடிந்த வர்த்தகமும் முடிந்ததாகாது என்பதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. 1995 பிப்ரவரி 23 அன்று அரசுக் கடன் பத்திரங்களைப் பின்னொரு நாளில் கைமாற்ற முன்கூட்டியே விலை பேசும் எதிர்கால வணிகத்தில், ஒரு பெரிய தரகு நிறுவனம் கடைசி எட்டு நிமிடத்தில் கையில் பணமே இல்லாமல் விற்றுக் குவித்தது. அன்றிரவு அந்த எட்டு நிமிடமும் செல்லாது என்று சந்தை அறிவித்தது. அந்த எட்டு நிமிடத்தில் பணக்காரர் ஆனவர்கள் இரவுக்குள் பழைய நிலைக்குத் திரும்பினார்கள். அந்த வணிகம் சில மாதங்களில் மூடப்பட்டு, 2013இல்தான் மீண்டும் வந்தது.

அரசு விழவிடாது என்று நம்புவது

1996 டிசம்பரில் சந்தை அளவுக்கு மீறிச் சூடேறிவிட்டது என்று கட்சிப் பத்திரிகையான மக்கள் நாளிதழ் தலையங்கம் எழுதியது. சந்தை உடனே விழுந்தது. 2015 ஏப்ரலில் அதே நாளிதழின் இணையப் பக்கம், 4,000 புள்ளி என்பது ஏற்றத்தின் தொடக்கம்தான் என்று எழுதியது. ஏழு வாரங்களில் உச்சம் வந்தது, பிறகு சரிவு. அரசுக்குச் சந்தையைத் தள்ளவும் தெரியும், தாங்கவும் தெரியும். எந்த விலையில் தாங்கும் என்பதை மட்டும் அது யாரிடமும் எழுதிக் கொடுப்பதில்லை. உங்கள் விலையிலேயே தாங்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை.

கூட்டத்தைப் பேராசை என்று மட்டும் படிப்பது

1992 ஆகஸ்டில் ஷென்ஜென் நகரில் நடந்ததை ‘பங்குப் பைத்தியம்’ என்று சொல்லிக் கடந்துபோவது வழக்கம். புதிய பங்குகளுக்கான குலுக்கலில் கலந்துகொள்ள ஒரு படிவம் 100 யுவான். மொத்தம் 50 லட்சம் படிவங்கள். ஒருவர் பத்து அடையாள அட்டை வரை கொண்டுவரலாம். நாடெங்கும் சொந்தக்காரர்களிடம் அட்டை வாங்கிக்கொண்டு லட்சக்கணக்கானோர் வந்து குவிந்தார்கள். ஆகஸ்ட் வெயிலிலும் மழையிலும் இரவு பகலாக வரிசை. நடுவில் யாரும் நுழையாதபடி ஆணும் பெண்ணும் முன்பின் தெரியாதவர்களின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்ற புகைப்படங்கள் இன்றும் கிடைக்கின்றன. விற்பனை தொடங்கிய அன்றே படிவம் தீர்ந்துவிட்டது என்றார்கள். வரிசையில் நின்றவர்களுக்குக் கணக்குத் தெரியும். ஆகஸ்ட் 10 அன்று கூட்டம் நகர நிர்வாகத்தை நோக்கி நடந்தது. போலீசார் கண்ணீர்ப்புகை வீசினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படிவங்களை உள்ளே இருந்தவர்களே பதுக்கியிருந்தது பிறகு விசாரணையில் தெரிந்தது.

ஆசை இருந்தது உண்மைதான். ஆனால் தெருவுக்குக் கொண்டுவந்தது கோபம். இரண்டு மாதத்தில், 1992 அக்டோபரில், சீனப் பத்திரங்கள் ஒழுங்காற்று ஆணையம் உருவானதற்கு இந்தக் கலவரமே உடனடித் தூண்டுதல்.

சிறு முதலீட்டாளர்கள் தங்களையே கேலியாக ‘ஜியூட்சாய்’ என்று அழைத்துக்கொள்கிறார்கள். பூண்டு மணக்கும் ஒருவகைக் கீரை. அறுக்க அறுக்கத் தழைக்கும்.

கணக்கேட்டில் இருப்பது கடலிலும் இருக்கும் என்று நினைப்பது

வடகிழக்கே தாலியன் நகருக்கு அப்பால் உள்ள ஒரு தீவின் பெயரையே கொண்ட ஜாங்சிடாவ் நிறுவனம், கடலடியில் விசிறிச் சிப்பிக் குஞ்சுகளை விதைத்து, வளர்ந்தபின் அள்ளி விற்கும் தொழில் செய்தது. ஷென்ஜெனில் பட்டியலான பங்கு. 2014இல் வழக்கத்துக்கு மாறான குளிர்நீர் ஓட்டம் வந்து சிப்பிகள் போய்விட்டன என்று அறிவித்தது. நட்டம் சுமார் 80 கோடி யுவான். 2018இல் மறுபடியும் அறிவிப்பு, இந்த முறை தீனி இல்லாமல் சிப்பிகள் மெலிந்து செத்தனவாம். ‘சிப்பி ஓடிப்போயிற்று’ என்பது சீனாவில் கேலிச்சொல்லாகவே ஆகிவிட்டது.

கடலடியில் யார் போய் எண்ணுவது? தணிக்கையாளருக்கு முக்குளிக்கத் தெரியாது. ஆணையம் வேறு வழி கண்டுபிடித்தது. நிறுவனத்தின் 27 படகுகளின் பெய்தோவ் செயற்கைக்கோள் இருப்பிடத் தரவுகளை எடுத்து, எந்தப் படகு எந்த இடத்தில் வலை இழுத்தது என்று வரைபடம் போட்டது. தந்திரம் வெளிப்பட்டது. 2014, 2015 இரண்டு ஆண்டும் நட்டம், மூன்றாவது ஆண்டும் நட்டம் என்றால் பட்டியலிலிருந்து நீங்கும் ஆபத்து. ஆகவே 2016இல் உண்மையில் அள்ளிய பரப்பைவிடக் குறைவாகக் கணக்குக் காட்டி, செலவைக் குறைத்து, இலாபம் வரவழைத்தார்கள். ஏற்கெனவே அள்ளி விற்ற சிப்பிகள் ஏட்டில் மட்டும் உயிரோடு இருந்தன. அடுத்த ஆண்டுக் கணக்கில் அவற்றைச் சாகவைத்தார்கள்.

2020 ஜூனில் தீர்ப்பு வந்தது. நிறுவனத்துக்கு அபராதம் 6 லட்சம் யுவான். அன்றைய மதிப்பில் 65 லட்சம் ரூபாய்க்கும் குறைவு. சென்னையில் சுமாரான அடுக்குமாடி வீடு ஒன்று வாங்கலாம். பழைய சட்டத்தில் உச்ச தண்டனையே அவ்வளவுதான். 2020 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அதை ஒரு கோடி யுவான் வரை உயர்த்தியிருந்தது, ஆனால் இந்தக் குற்றம் அதற்கு முந்தியது. மறு ஆண்டு, பொய்க் கணக்குக் காட்டிய காங்மெய் மருந்து நிறுவனத்தின் வழக்கில் குவாங்ஜோ நீதிமன்றம் 52,000 முதலீட்டாளர்களுக்கு ஏறத்தாழ 246 கோடி யுவான் ஈடு கொடுக்கச் சொன்னது. நிர்வாகத்தைக் கண்காணிக்க வெளியிலிருந்து நியமிக்கப்படும் சுதந்திர இயக்குநர்களும் பொறுப்பு என்றதும் பல நிறுவனங்களில் அவர்கள் அடுத்தடுத்துப் பதவி விலகினார்கள். கையெழுத்துப் போட மட்டும் வந்தவர்களுக்கு அப்போதுதான் பயம் வந்தது.

சீனச் சந்தையில் சிலர் மற்றவர்களின் சீட்டைப் பார்த்து விளையாடுகிறார்கள், சூதாட்ட விடுதியில்கூட அதற்கு அனுமதி இல்லை என்று பொருளியல் அறிஞர் ஊ ஜிங்லியன் 2001இல் சொன்னார். இருபது ஆண்டு கழித்தும் அதையே மேற்கோள் காட்டி எதுவும் மாறவில்லை என்பதும் தவறுதான். மாறுகிறது. வீடு பற்றி எரிந்தபிறகு தண்ணீர்த் தொட்டி கட்டும் வழக்கத்தில் மாறுகிறது.

எந்தப் பங்கு என்று கேட்காமல் வாங்குவது

பெயரை நம்பி வாங்குவது இதில் ஒரு கிளை. 2015இல் ஷாங்காய் ரியல் எஸ்டேட் நிறுவனம் ஒன்று, அப்போது மோகத்தில் இருந்த இணையக் கடன் தொழிலின் ‘பி டு பி’ என்ற பெயர் ஒலிக்கும்படி ‘பீ தூ பீ’ என்று தன் பெயரை மாற்றிக்கொண்டது. அந்தத் தொழிலில் அதற்கு அனுபவம் எதுவும் இல்லை. பங்கு மேல்வரம்பைத் தொட்டது.

இந்தியாவில் இருந்துகொண்டு சீனப் பங்கு வாங்கியதாகச் சொல்பவர்கள் பலரும் வைத்திருப்பது ஷாங்காய் பங்கே அல்ல. நியூயார்க்கில் வாங்கும் அலிபாபா, கேமன் தீவில் பதிவான ஒரு நிறுவனத்தின் பங்கு. அந்நியர் கைவைக்கக் கூடாத தொழில்களுக்கான சீன உரிமங்கள் வேறு நிறுவனங்களிடம் இருக்கும். இரண்டையும் இணைப்பது ஒப்பந்தங்கள் மட்டுமே. 2021இல் தனிப்பயிற்சி நிறுவனங்கள் பள்ளிப் பாடம் சொல்லிக்கொடுத்து இலாபம் ஈட்டக் கூடாது என்று பெய்ஜிங் உத்தரவிட்டபோது, தங்கள் கையில் இருப்பது ஒப்பந்தம் மட்டுமே என்பதை நியூயார்க்கில் அவற்றின் பங்குகளை வைத்திருந்தவர்கள் உணர்ந்தார்கள்.

1986 நவம்பரில் நியூயார்க் பங்குச் சந்தைத் தலைவர் ஜான் ஃபெலன் பெய்ஜிங் வந்தபோது, ஷாங்காயின் ஃபெய்லே ஒலிக்கருவி நிறுவனத்தின் 50 யுவான் பங்கு ஒன்றை டெங் சியாவ்பிங் அவருக்குப் பரிசளித்தார். மரியாதைக்குத் தந்த காகிதம், கண்ணாடிச் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டிவைத்திருக்கலாம். ஃபெலன் அதைத் திருப்பிப் பார்த்தார். உரிமையாளர் பெயர் வேறு ஒருவருடையது. அவர் ஷாங்காய்க்குப் பயணம் செய்து, ஜிங்கான் பகுதியில் அப்போதுதான் திறந்திருந்த சிறிய பங்கு விற்பனைக் கூடத்துக்குப் போய், பங்கைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு ஊர் திரும்பினார்.