'தைரியமா பேசு' என்று சொல்வதை முதலில் நிறுத்துங்கள்

புதிதாக ஒரு மொழி கற்கிறவர் வாய் திறக்கத் தயங்கினால் சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "தப்பானாலும் பரவாயில்லை, தைரியமா பேசு." நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் பிரயோஜனம் இல்லை. தாய்மொழியில் மணிக்கணக்கில் வெளுத்து வாங்குகிறவர்கூட இன்னொரு மொழி என்றதும் நாலு வார்த்தையில் திணறுகிறார், அவருக்குத் தைரியம் இல்லை என்று எப்படிச் சொல்வது? பெரும்பாலும் அவருக்குப் போதாமல் இருப்பது நேரம். நீங்கள் ஆசிரியரோ, நண்பரோ, வீட்டில் கூட இருப்பவரோ, உங்களால் தர முடிந்ததும் முக்கியமாக அதுதான்.

கணக்கைப் பாருங்கள். பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்டு 2009-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்குவதற்கு இடையிலான இடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் இருந்தது. ஆனால் ஒரு படத்தைக் காட்டி அது என்னவென்று கேட்டால், தாய்மொழியில் பதில் சொல்லவே அரை நொடிக்கு மேல் பிடிக்கும். அதாவது, எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும் முன்பே நாம் பதிலைத் தயார் செய்துவிடுகிறோம். கற்கிறவருக்கு அந்த வசதி இல்லை. கேட்டதைப் புரிந்துகொள்ளவே முழுக் கவனமும் போய்விடுகிறது, அப்புறம் சொல்லைத் தேடி, இலக்கணத்தைச் சரிபார்த்து, மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்து நிமிர்வதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். நாலு முறை இப்படி ஆனால் முயல்வதையே விட்டுவிடுவார், நாமும் அதற்குக் கூச்ச சுபாவம் என்று பெயர் வைத்துவிடுவோம்.

ஆகவே கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடிதான் என்று தெரிந்தது. அதையே மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, பதில் வராமல் போவதும் குறைந்தது. வேறு மொழியில் யோசிக்கிறவருக்கு ஐந்து நொடியாவது வேண்டும் என்பது என் கணக்கு. எண்ணிப் பாருங்கள், ஐந்து நொடி மௌனம் உங்களுக்கே தாங்காது, கை பரபரக்கும், எதையாவது சொல்லி உதவத் தோன்றும். உதவாதீர்கள். அவர் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டும் இருக்காதீர்கள். அவருடைய வாக்கியத்தை நீங்கள் முடித்து வைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான உதவி, ஏனென்றால் அடுத்த முறை பாதியில் நின்றுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கப் பழகிவிடுவார்.

நேரத்தை அவரே வாங்கிக்கொள்ளவும் வழி இருக்கிறது. 'ஒரு நிமிஷம்', 'இதை எப்படிச் சொல்றது', 'நீங்க கேக்கறது இதுதானே', 'திரும்பச் சொல்ல முடியுமா' என்ற மாதிரிச் சின்னச் சின்ன வாக்கியங்கள் எல்லா மொழியிலும் உண்டு. காலத்தையும் வேற்றுமையையும் தொடுவதற்கு முன்பே, அவர் கற்கும் மொழியில் இப்படி ஐந்தாறை யோசிக்காமல் வாயில் வருகிற அளவுக்குப் பழக்கிவிடுங்கள். அமைதியாக நிற்கிறவரைப் பார்த்தால் எதிரில் இருப்பவருக்குச் சங்கடம், பேச்சை மாற்றிவிடுவார். இப்படி ஏதாவது சொல்லி இழுத்துக்கொண்டிருந்தால் காத்திருப்பார்.

அடுத்தது, ஒரே விஷயத்தைத் திரும்பப் பேச வைப்பது. நான்கு-மூன்று-இரண்டு என்று ஒரு பயிற்சி உண்டு. கீத் மாரிஸ் என்பவர் 1983-ல் எழுதியது, பிறகு மொழிக் கல்வி ஆய்வாளர் பால் நேஷன் அதைப் பரவலாக்கினார். ஒரு விஷயத்தைப் பற்றி ஒருவரிடம் நான்கு நிமிடம் பேச வேண்டும், அதையே இன்னொருவரிடம் மூன்று நிமிடத்தில், வேறொருவரிடம் இரண்டு நிமிடத்தில். என்ன சொல்வது என்ற கவலை முதல் சுற்றிலேயே தீர்ந்துவிடுவதால் அடுத்தடுத்த சுற்றுகளில் கவனம் எப்படிச் சொல்வது என்பதற்குப் போகிறது, மூன்றாவது முறை அவரே ஆச்சரியப்படும் அளவுக்கு வேகம் வரும். கேட்பவர் மாறுவது முக்கியம், ஒரே ஆளிடம் மூன்று முறை சொன்னால் நடிப்பு மாதிரி ஆகிவிடும். நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்களா? சரி, முதல் சுற்று போனில் பதிவு, இரண்டாவது உங்களிடம், மூன்றாவது வேறு யாருக்காவது குரல் செய்தி. ஆரம்பநிலையில் இருப்பவருக்கு நான்கு நிமிடம் மலைப்பாக இருக்கும், ஒன்றரை நிமிடத்தில் தொடங்கிக் குறைத்துக்கொண்டு வாருங்கள். குறிப்புக்கு நாலைந்து சொற்கள் எழுதிக்கொள்ளலாம். முழு வாக்கியமாக எழுத விட்டால் வாசித்து முடித்துவிடுவார்.

பிழை திருத்துவதில்தான் உதவுகிறவர்கள் அதிகம் சொதப்புகிறார்கள். 1997-ல் ராய் லிஸ்டர், லெய்லா ரான்டா இருவரும் கனடாவில் பிரெஞ்சு வழியில் பாடம் நடக்கும் வகுப்புகளை ஆராய்ந்தார்கள். ஆசிரியர்கள் செய்த திருத்தங்களில் பாதிக்கு மேல் ஒரே வகை: மாணவர் தப்பாகச் சொன்னதை ஆசிரியர் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டுப் போவது. மாணவரைத் தானே திருத்திக்கொள்ள வைத்ததில் கடைசி இடமும் அந்த வகைக்குத்தான். பல சமயம் தான் திருத்தப்பட்டதே அவருக்குத் தெரிவதில்லை, தெரிந்தாலோ பேச்சு அறுந்துபோகிறது. எனவே பேசுவதையும் திருத்துவதையும் பிரித்துவிடுங்கள். 'இந்தப் பத்து நிமிடம் நான் எதையும் திருத்த மாட்டேன்' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, அதைக் காப்பாற்றுங்கள். கேட்கும்போது பிழைகளை ஒரு தாளில் குறித்துவைத்து, முடிந்த பிறகு அடிக்கடி வந்த ஒரே ஒரு வகையை மட்டும் எடுத்துப் பேசுங்கள். மற்றதை விட்டுவிடுங்கள், ஓடிப்போகாது. அர்த்தமே குழம்பினால் மட்டும் இடையில் கேட்கலாம், அதுவும் நிஜமான சந்தேகமாக: 'நேத்து நடந்ததா, நாளைக்கு நடக்கப் போறதா?'

நேரம் கொடுத்தும் தீராத பயமும் உண்டு, அது கேட்கிற ஆட்களைப் பொறுத்தது. எலைன் ஹார்விட்ஸும் சக ஆய்வாளர்களும் 1986-ல் வெளியிட்ட, மொழி வகுப்புப் பதற்றத்தை அளக்கும் 33 வாக்கியங்களைப் படித்தால் இது புரியும். மற்ற மாணவர்கள் என்னைவிட நன்றாகப் பேசுகிறார்கள், தயாராகாமல் பேசச் சொன்னால் பயந்துபோகிறேன் என்ற ரீதியில் பல வாக்கியங்கள். ஆகவே திடீரென்று பெயர் சொல்லி எழுப்பாதீர்கள், 'இவருக்கு அடுத்து உங்களிடம் கேட்பேன்' என்று சொல்லிவைத்தால் போதும். தனியாக யோசித்து, பக்கத்தில் ஒருவரிடம் சொல்லிப் பார்த்து, அப்புறம் கூட்டத்தில் சொல்வது என்ற வரிசை நன்றாகவே வேலை செய்கிறது. என்னைக் கேட்டால், அந்த மொழி நன்றாகத் தெரிந்த சொந்தக்காரர்கள் முன்னால் பேசுவதைவிட முன்பின் தெரியாதவரிடம் பேசுவது எளிது, தொடக்கத்திலாவது.

(1972-ல் ஒரு சோதனையில் கொஞ்சமாக மது கொடுத்துப் பார்த்ததில் அந்நிய மொழி உச்சரிப்பு மேம்பட்டதாம், அளவு கூடியதும் அந்தப் பலன் போய்விட்டதாம். வீட்டுப்பாடமாகக் கொடுக்க வேண்டாம். வேறொரு ஆளாக நடிக்கச் சொன்னாலும், அதாவது வேறு பெயர், வேறு வேலை கொடுத்துப் பேச வைத்தாலும் கூச்சம் கொஞ்சம் விலகும்.)

கேள்விகளும் சரியாக இருக்க வேண்டும். 'ஏதாவது பேசுங்க' என்றால் எனக்கே ஒன்றும் வராது. இதுவா அதுவா என்று கேட்டு, பதில் வந்ததும் ஏன் என்று கேளுங்கள். உங்களுக்கு நிஜமாகவே பதில் தெரியாததைக் கேளுங்கள், பதில் தெரிந்துகொண்டே கேட்டால் அது பரீட்சை.

மொழியைத் தொடங்கிச் சில வாரங்களே ஆனவர் பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் விட்டுவிடுங்கள். அவரிடம் இன்னும் சொற்கள் சேரவில்லை, பேச வைக்கும் வித்தை எதுவும் அங்கே எடுபடாது.

முன்னேற்றத்தைப் பார்க்க மாதம் ஒருமுறை ஒரே மாதிரி விஷயத்தைப் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எத்தனை முறை நின்றார் என்று எண்ணாதீர்கள், தாய்மொழியில் பேசுகிறவர்களும் ஒரு கருத்து முடிகிற இடத்தில் நின்று மூச்சு வாங்கத்தான் செய்கிறார்கள். கற்கிறவர் நிற்பது பெரும்பாலும் தொடருக்கு நடுவில். அந்த இடங்களை மட்டும் குறித்துக்கொண்டு, அங்கே என்ன தேடினீர்கள் என்று அவரையே கேளுங்கள். அவர் சொல்கிற சொற்களை அடுத்த வாரத்துக்கான பாடமாக வைத்துக்கொள்ளலாம்.